சாத்தி வைத்த ஜன்னல்

தன் பெயரைத் தானே எழுதக் கூடாது என்று படிவத்தின் ஏழாவது பத்தி சொன்னது. தாரா அதை மூன்று முறை படித்துவிட்டாள். நான்காவது முறை சத்தமாகப் படித்தாள். சத்தம் கேட்டு அது வெட்கப்பட்டு மாறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"'உறுப்பினர் பதவிக்கு எவரும் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. பதிவு பெற்ற சங்கம் பரிந்துரைக்க வேண்டும்.' இன்னாக்கா இது?"

ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் ஃபோட்டோ என்று நான்கு தொழிலை ஒரே மேசையில் நடத்தும் லூயிசா, பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப சங்கத்துல போயி கேளு. ஆண்டர்சன்பேட்டைல மனுசன விட சங்கம்தான் ஜாஸ்தி."

மாநில அரசு புதிதாக அமைத்திருந்த சுரங்கக் குடியிருப்பு ஆணையத்துக்கு ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. முதல் உறுப்பினர், போன தேர்தலில் சீட்டு கிடைக்காதவர். இரண்டாமவர், சீட்டு கிடைத்துத் தோற்றவர். மூன்றாமவர், அடுத்த தேர்தலில் சீட்டு கேட்கக் கூடாது என்பதற்காக இப்போதே நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர். நான்காவது இடம் மட்டும் காலி. அது தங்க வயலில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒருவருக்கு.

அந்த வீடுகள் யாருக்குச் சொந்தம் என்று அரசுக்குச் சொல்லப் போவது இந்த ஐந்து பேர்தான்.

"ஒவ்வொரு சங்கமும் ரெண்டு பேரு எழுதணும். ரெண்டுல ஒண்ணு பொம்பள பேரா இருக்கணும்" என்று தாரா மேலே படித்தாள். "அப்புறம் தேர்வுக் குழு நேர்காணல் வைக்கும். மூணு சங்கமோ அதுக்கு மேலயோ ஒரே பேர எழுதியிருந்தா நேர்காணலே இல்ல. ஃபைல் நேரா மந்திரிகிட்ட போவுது."

லூயிசா சிரித்த சிரிப்பில் தாள் கிழிந்தது. "மூணு சங்கம், ஒரே பேரு, இந்த ஊர்லயா? தா, ஒரே ஒரு ஃபுட்பால் கிரவுண்டுக்கு நாலு கிளப்பு கீது."

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு.

தாராவுக்கு இருபத்தேழு வயது. வீட்டில் முதல் பட்டதாரி. சமூகப்பணி முதுகலையில் அவள் செய்த ஆய்வே லைன் வீடுகளைப் பற்றித்தான். ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகளை டேப் வைத்து அளந்திருந்தாள். அந்த அறிவுக்கு பெங்களூரில் கிடைத்த வேலை, வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் சொன்னதெல்லாம் உண்மையா என்று பழைய முதலாளிகளுக்கு ஃபோன் போட்டுக் கேட்பது. தினமும் விடியலில் ரயிலேறி, நின்றுகொண்டே போய், நாள் முழுக்கப் பொய்களைக் கண்டுபிடித்து, நின்றுகொண்டே திரும்பி வந்தாள்.

அவர்கள் வீடு நந்திதுர்க் பக்கத்தில், லைனில் கடைசி. பத்துக்குப் பத்து அறை, ஒரு சமையல் மூலை. பின்சுவரில் ஒரு மரஜன்னல் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. சுவரில் பதித்த ஜன்னல் அல்ல. தரையில் நின்று சுவரில் சாய்ந்திருக்கும் ஜன்னல்.

சுரங்கம் மூடிய வருடம், அதிகாரி பங்களா ஒன்றை இடித்தபோது அம்மா யசோதா அதை வாங்கி வந்தாள். பின்சுவரை உடைத்துப் பதிக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் பக்கத்து லைனில் கழிவறை கட்டச் சுவரை உடைத்தவருக்கு நோட்டீஸ் வந்தது. சுவர் கம்பெனிச் சொத்து. கம்பெனி இல்லை. நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்தையும் அடுத்த மாதம் மூடிவிட்டார்கள். நோட்டீஸ் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.

அதனால் யசோதா பின்சுவரில் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்து வைத்தாள். வெள்ளையடிக்கும் போதெல்லாம் அது மறையும். காய்ந்ததும் மறுபடி வரைவாள். ஜன்னலின் கம்பிகளுக்கு நடுவே, வெளியே தெரிய வேண்டிய சுரங்கக் கழிவு மலைக்குப் பதிலாக, தாராவின் பட்டமளிப்பு ஃபோட்டோவை மாட்டியிருந்தாள்.

"அத்த ஒடைச்சா இன்னாம்மா தெரியப்போவுது? சயனைட் மலைதான?" என்று தாரா ஒருமுறை கேட்டாள்.

"தெரியட்டுமே. அந்தக் குப்பையாவது என் வூட்லருந்து தெரியட்டும். காத்துன்னு ஒண்ணு கீதுல்ல" என்றாள் யசோதா.

அந்த ஆணையத்தில் தான் உட்கார்ந்தால் முதல் கூட்டத்திலேயே மேசைமேல் எதை வைப்பது என்று தாராவுக்குத் தெரியும். ரயிலில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பேச்சைத்தான் மனதுக்குள் பேசிப் பார்த்தாள். பேச்சின் முடிவில் சுவர் உடையும் சத்தம் கேட்கும். அதற்குள் ஒயிட்ஃபீல்டு வந்துவிடும்.

படிவத்தைப் பார்த்ததும் அப்பா சின்னப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுரங்க ஷாஃப்டில் இருபத்திரண்டு வருடம் இறங்கிய மனிதர்.

"ரெண்டு பேரா? அது இன்னா கஷ்டம். ஷிஃப்டு மஸ்டர் நோட்டுல பட்லி எழுதற மாதிரிதான்."

"பட்லின்னா?"

"ஒருத்தன் ஷிஃப்டுக்கு வரலன்னா அவன் எடத்துக்கு எறங்க ஒரு ஆளு. மேஸ்திரி ரெண்டாவது பேரா எழுதி வச்சிருப்பான். ஆனா அதுல சூட்சுமம் கீது கண்ணு. வேலைக்காரன எழுதிட்டா அவன் நம்ம ஆளு எடத்தப் புடிச்சிக்குவான். அதனால எந்த கேங்கும் சேத்துக்காதவனா, வரவே மாட்டான்னு தெரிஞ்சவனா பாத்து எழுதுவானுங்க."

"உன்ன எழுதினாங்களா நைனா?"

"மொத நாலு வருஷம்" என்றார் சின்னப்பா, பெருமையா துக்கமா என்று பிரிக்க முடியாத குரலில். "எல்லா மஸ்டர்லயும் என் பேரு இருந்துச்சு. நான்தான் கீழ எறங்கல."

திங்கள் மாலை ரயிலிலிருந்து இறங்கியதும் தாரா நேரே தாமோதரன் வீட்டுக்குப் போனாள். ஷாஃப்ட் தொழிலாளர் ஓய்வூதியர் சங்கத்தின் தலைவர். சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை இறக்கி ஏற்றும் எஞ்சினை இயக்கியவர். ஊரே கீழே இறங்கியபோது மேலே உட்கார்ந்தே பழகியவர்.

"ஆணையமா? எனுக்குத் தெரியவே தெரியாதே" என்றார் தாமோதரன்.

தாரா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். தகுதி, தினப்படி, பெங்களூர் போக வர வண்டி. 'வண்டி' என்ற இடத்தில் தாமோதரன் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"படிவத்தக் குடுத்துட்டுப் போ கண்ணு. செயற்குழுல வைக்கறேன்."

செவ்வாய்க்கிழமை செயற்குழு கூடி, தாமோதரனை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. செயற்குழு என்பது தாமோதரனும், அவர் சொன்னால் தலையாட்டும் இன்னொருவரும்.

"மாமா, நான் எனக்குக் கேட்டேன்!"

"உனுக்கு வயசு கீது தாரா. எனுக்கு முட்டிதான் கீது. அதுவும் போவப் போவுது."

பிழையைத் திருத்த, அன்று மாலையே தாரா கால்பந்து கழகச் செயலாளர் ஸ்டீவனிடம் போனாள். இந்த முறை வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. தன் ஆய்வை மட்டும் விரித்து வைத்தாள். எந்த லைனில் எத்தனை வீடு, எதில் கழிவறை இல்லை, எதில் கூரை இல்லை. ஸ்டீவன் உருகிப்போய்க் கேட்டான். குறிப்புகூட எடுத்துக்கொண்டான்.

புதன் மாலை லூயிசாவின் கடையில் ஸ்டீவனின் படிவம் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதன் முதல் பக்கத்தை தாரா எட்டிப் பார்த்தாள். 'ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகளை நேரில் அளந்தவர்' என்று ஸ்டீவனின் பெயருக்குக் கீழே இருந்தது. ஸ்டீவன் கோல்போஸ்டைக்கூட அளந்ததில்லை.

கடை வாசலில் இன்னும் நான்கு சங்கத்துக்காரர்கள் நின்றார்கள். தாமோதரனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று இரண்டு பேர். ஸ்டீவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று ஒருவர். நான்காமவருக்கு இரண்டு பேரையுமே ஆகாது. மொத்தம் ஆறு சங்கங்கள். ஆறுக்கும் தலைவர்கள் ஆண்கள். வாசலில் நின்ற நால்வரும் தாராவைப் பார்த்ததும், வாத்தியாரைப் பார்த்த பிள்ளைகளைப் போலப் படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"என்கிட்டருந்து தெரிஞ்சிகினு எனக்கே தெரியாம பண்றீங்களா?" என்று தாரா கத்தினாள்.

"ஏம்மா கோவிச்சுக்கற? ஊருக்கு நல்லதுதான?" என்றார் ஒருவர். முதுகுக்குப் பின்னால் இருந்த படிவம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

அவர்கள் போனதும் லூயிசா குரலைத் தாழ்த்தினாள். "தாரா, ஒண்ணு சொல்றேன். வெள்ளிக்கெழம வரைக்கும் வாய மூடிகினு சும்மா இரு தாயி."

தாராவுக்கு முகம் சிவந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். கல்லூரியில், சாதிச் சான்றிதழ் வரிசையில், ரயிலில் இடித்தவனைத் திட்டியபோது, எல்லா இடத்திலும் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு சும்மா இரு. கடைசியில் லூயிசாவுமா?

"நீயுமாக்கா?"

"ஐயோ, நான் சொல்றத முழுசாக் கேளு. டைப் பண்றவ வெளிய சொல்லக் கூடாது, அதனால..."

கேட்பதற்கு தாரா அங்கே இல்லை.

வியாழக்கிழமை விடுப்பு போட்டாள். ஆணையத்தின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். மஞ்சுநாத் என்ற பிரிவு அலுவலர் எடுத்தார். புதுச் சங்கம் தொடங்கினால் ஏற்பீர்களா என்று கன்னடத்தில் கேட்டாள். மூன்று வருடம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும் என்றார் அவர்.

"அவ்ளோதான?" என்றார் பக்கத்திலிருந்த சின்னப்பா. "நம்ம மரண உதவிச் சங்கம் முப்பது வருஷமா பதிவுல கீதே. நான்தான் பொருளாளர்."

லைன் மரண உதவிச் சங்கத்தில் இருபத்து மூன்று உறுப்பினர்கள். யார் செத்தாலும் பாடையிலிருந்து பந்தல் வரைக்கும் சங்கம் பார்த்துக்கொள்ளும். ஊரில் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே சங்கம் அதுதான். எவ்வளவு ஒழுங்கு என்றால், பதினெட்டு உறுப்பினர்களை அடக்கம் செய்து முடித்திருந்தது. மிச்சம் ஐந்து பேர். பரிந்துரைக்குத் தேவையான கையெழுத்தும் ஐந்து.

நாலு கையெழுத்து மதியத்துக்குள் வந்துவிட்டது. ஐந்தாவது உறுப்பினர் தாமோதரன்.

"போடறனே" என்றார் தாமோதரன், பேனாவைத் திறந்தபடி. "மொதப் பேரு என்னோடதுன்னு மாத்திடு. ரெண்டு சங்கம் சொன்னா வெயிட்டா இருக்கும்."

"மாமா!"

"ரெண்டாவது பேருக்கும் நீ கஷ்டப்பட வாணாம். நான் ஆளு வச்சிகினு கீறன்." அவர் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"யாரு, மாமியா?"

"ச்சே. வூட்டு ஆள யாராவது பட்லி எழுதுவாங்களா? நாளைக்கு நெசமாவே அவளுக்குக் கெடச்சிட்டா நான் வூட்ல இருக்கறதா வாணாமா?"

தாரா படிவத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். நான்கு கையெழுத்தோடு அதை நாலாகக் கிழித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளைக் கடித்தது தன் தோல்விகூட இல்லை. அந்த இரண்டாவது பெயர். ஆறு படிவத்திலும் யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். வரவே மாட்டாள், எந்த கேங்கும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது என்று தெரிந்து எழுதிய பெயர். அவளை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? சட்டத்தில் பெண் என்று ஒரு ஓட்டை இருந்தால் அதை அடைக்க ஒரு பெண். யாரோ ஏமாந்த பொம்பளை. தன் பெயர் எங்கே போகிறது என்றே தெரியாமல் இந்நேரம் எங்கேயோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

பொய்யான விண்ணப்பத்தைச் சாய்ப்பது எப்படி என்பது தாராவின் தொழில். விதிகளை மறுபடி எடுத்தாள். பதினொன்றாவது பத்தி: பரிந்துரைகளை ஆட்சேபிக்க பதிவு பெற்ற சங்கத்தின் பொருளாளர் ஒருவரின் கையெழுத்து போதும். ஒருவரை நல்லவர் என்று சொல்ல ஐந்து பேர், கெட்டவர் என்று சொல்ல ஒருவர். அரசாங்கத்துக்கு ஊரைத் தெரிந்திருக்கிறது.

மரண உதவிச் சங்கத்தின் பெயரில் இரண்டு பக்கம் எழுதினாள். ஆறு சங்கங்களும் இரண்டாம் பெயரை ஒப்புக்கு எழுதியிருக்கின்றன. சம்மதம் வாங்கவில்லை. பெண்களை அவமதிக்கும் இந்த வழக்கத்தை ஆணையம் தொடக்கத்திலேயே கிள்ளி எறிய வேண்டும். ஆறு படிவங்களிலும் இரண்டாம் பெயரை நீக்கிவிட்டு, அந்தத் தலைவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

"எங்க கையெழுத்து போடணும்?" என்றார் சின்னப்பா.

"படிக்கலியா நைனா?"

"நீ எழுதினத நான் இன்னாத்துக்குப் படிக்கணும்?"

அவர் கையெழுத்துப் போட்டார். தாரா அதை ஃபோனில் படமெடுத்து, ஆணையத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். சுவரில் இருந்த சாக்பீஸ் சதுரம் மங்கியிருந்தது. யசோதா எழுந்து போய் அதன் மேல் மறுபடி ஒரு கோடு இழுத்தாள்.

"இன்னாம்மா, இப்பவே அளக்கறியா?"

"நீ இவ்ளோ ஓடறியே. எதாச்சும் நடக்கும்னு தோணுது. ஒரு வெரல் பெருசாவே போட்டுக்கலாம்."

தாரா ஃபோனைக் கீழே வைத்தாள். தன் பெயர் எந்தப் படிவத்திலும் இல்லை என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுடைய இரண்டு பட்டங்களில் ஒன்றும் கற்றுத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஆபீசில் ஃபோன் அடித்தது. மனுவில் அவள் கொடுத்திருந்த எண். மஞ்சுநாத்.

"ஆயித்து மேடம், முடிஞ்சிடுச்சு" என்றார், கன்னடமும் தமிழும் கலந்து. "உங்க சங்கத்தோட ஆட்சேபம் குழுவுல வெச்சோம். நியாயம்தான்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. ஆறு ஃபாரத்துலயும் ரெண்டாவது பேரை அடிச்சாச்சு. ஆர்டர் மெயில்ல வருது."

தாரா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "ஒரே நாள்லயா சார்?"

"சரியான டைம்ல அனுப்பினீங்க. ஒரு ஃபைல் நேரா மந்திரி டேபிளுக்குப் போறதுக்கு ரெடியா இருந்துச்சு. கட்டிக்கூட வெச்சாச்சு. உங்க மனு வந்ததால நிறுத்திட்டோம். இனி மொதப் பேருக்காரங்க ஆறு பேருக்கும் நேர்காணல்தான்."

தாமோதரனின் ஃபைல்தான். வேறு யாருடையது? வேறு எந்தெந்தச் சங்கத்தை மடக்கினாரோ, மூன்று சங்கம் சேர்த்துவிட்டார் போல. வண்டி வாசலுக்கு வந்து நிற்கும் என்று வேட்டி மடித்துக் காத்திருப்பார். இருக்கட்டும்.

திரும்பும் ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. சுரங்கம் மூடியதிலிருந்து அந்த ஊர் எழுதிய மனுக்களை அடுக்கினால் சயனைட் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும். அவற்றில் ஒன்றுக்குக்கூட அலுவலகம் அசைந்ததில்லை. அசைந்த முதல் மனு தன்னுடையது. ஒரு நாளில். ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பங்காருபேட்டை தாண்டியதும் முகத்தில் காற்று அடித்தது. அம்மா இதைத்தான் கேட்கிறாள், இவ்வளவுதான் கேட்கிறாள் என்று தோன்றியபோது கண் கலங்கியது. பதவி போனால் போகட்டும். அந்த ஏமாந்த பொம்பளைக்காவது நியாயம் கிடைத்தது.

சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே தாரா வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒரு பிரிண்ட் எடு. லேமினேஷனும் போடு. நைனாகிட்ட குடுக்கணும்."

"இன்னாது, ஆர்டரா?" லூயிசாவின் முகம் மலர்ந்தது. "வந்திருச்சா? நான் சொன்னேன்ல, வாய மூடிகினு இருன்னு!"

"மூடினா வருமாக்கா? தொறந்ததாலதான் வந்துச்சு. படிச்சுப் பாரு."

லூயிசா திரையில் படித்தாள். படிக்கப் படிக்க மலர்ந்த முகம் மெல்ல இறங்கியது. மவுஸில் இருந்த கை நின்றது. ஒரு தடவை தாராவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இந்த மனு எழுதினது யாரு?"

"நான்தான். நைனா கையெழுத்து. எப்படி? ஆறு பேருக்கும் வச்சேன்ல ஆப்பு? நேரா மந்திரிகிட்ட போவ இருந்த ஃபைலயே நிறுத்திட்டேன்!"

பிரிண்டர் உறுமி, தாளைப் பாதி வெளியே தள்ளி, சிக்கிக்கொண்டு நின்றது. லூயிசா அதை இழுக்கவில்லை.

"ஆறு ஃபாரமும் நான்தானே டைப் பண்ணேன்... ரெண்டாவது பேரு ஆறுலயும் ஒண்ணேதான், 'தாரா, தகப்பன் பேரு சின்னப்பா, நந்திதுர்க்'."